விதை நெல் நிலையத்தில் ஒரு செயல்முறைப் படம்: நிறம் எங்கே உதவியது, எங்கே குழப்பியது

டெல்டாவில் விதை நெல் தொழிலில் இருப்பவரிடம் நீலம் என்றால், அவர் மனதில் முதலில் வருவது சான்று விதை, அதாவது சான்று பெற்று உழவருக்குப் போகும் விதை. வெள்ளை என்றால் ஆதார விதை, சான்று விதையைப் பெருக்கி எடுப்பது இதிலிருந்து. பொன்மஞ்சள் என்றால் வல்லுநர் விதை, ஆதார விதைக்கும் முந்தைய தலைமுறை. இவை மூட்டையின் வாயில் வைத்துத் தைக்கும் அட்டையின் நிறங்கள். யாரோ அழகுக்காகத் தேர்ந்தெடுத்தவை அல்ல, சான்றளிப்பு விதியிலேயே உள்ளவை. சான்றுக்குப் போகாமல் உற்பத்தியாளரே தரத்துக்குப் பொறுப்பேற்று விற்கும் உண்மைநிலை விதைக்குப் பச்சை அட்டை. இப்படி நாள் முழுக்க நிறத்தைப் பார்த்தே வேலை செய்கிறவர்கள் முன்னால் ஒரு கலர் கலரான செயல்முறைப் படத்தை மாட்டினால் என்ன நடக்கும் என்பதைப் பற்றியது இந்த ஆய்வு.

இடம், வெண்ணாற்றுப் பாசனப் பகுதியில் உழவர் உற்பத்தியாளர் நிறுவனம் ஒன்று நடத்தும் விதைச் சுத்திகரிப்பு நிலையம். உறுப்பினர்களின் வயலில் விதைப்பண்ணை போட்டு, நெல்லை வாங்கி, சுத்தம் செய்து, சான்று பெற்று விற்கிறார்கள். ஆதார விதை, சான்று விதை இரண்டும் ஒரே கூரைக்குள், ஒரே கிரேடரில் (விதையைச் சலித்துத் தரம் பிரிக்கும் இயந்திரம்) ஓடுகின்றன. பெயர்களைச் சொல்லப்போவதில்லை. நான் அங்கே போனது கணக்கு, இருப்பு இரண்டுக்கும் ஒரு மென்பொருள் வைக்கும் வேலைக்காக. மென்பொருளுக்கு முன்பே அங்கே ஒரு படம் இருந்தது. வேறொரு நிறுவனம் வரைந்து கொடுத்த பிபிஎம்என் படம் அது. ஒரு வேலை எந்த வரிசையில் ஓடுகிறது என்பதைப் பொதுவான குறிகளால் வரையும் முறைதான் பிபிஎம்என். பார்க்க அழகு, ஏ3 தாளில் லேமினேட் செய்து அலுவலகச் சுவரில் மாட்டியிருந்தது. யாரும் அதைப் பார்த்து எதையும் முடிவு செய்ததில்லை.

வேலை எப்படி ஓடுகிறது

விதைப்பண்ணையைப் பதிவு செய்வதில் ஆரம்பிக்கிறது. விதைப்பு முடிந்ததும் விதைச்சான்று உதவி இயக்குநர் அலுவலகத்தில் விதைப்பறிக்கை கொடுக்க வேண்டும். நெல்லுக்குப் பக்கத்து ரகத்திலிருந்து 3 மீட்டர் பயிர் விலகு தூரம் வேண்டும். பூக்கும்போதும் முதிரும்போதும் விதைச்சான்று அலுவலர் வயலாய்வுக்கு வருவார். அதற்குள் கலவன்களை, அதாவது வேறு ரகச் செடிகளை, பிடுங்கியிருக்க வேண்டும். வயலில் தேறினால் அறுவடை, காய வைத்தல், நிலையத்துக்குக் கொண்டுவருதல். ஒவ்வொரு வரவுக்கும் ஒரு குவியல் எண். பிறகு சல்லடை, காற்று, தரம் பிரித்தல். அதன்பின் மாதிரி எடுத்து விதைப் பரிசோதனை நிலையத்துக்கு அனுப்புவார்கள். சான்று விதைக்கு முளைப்புத்திறன் 80 சதவீதத்துக்குக் குறையக் கூடாது, புறத்தூய்மை 98 சதவீதம் வேண்டும், ஈரப்பதம் 13 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. நெல்லுக்கு முளைப்புச் சோதனை முடிய 14 நாள். தேறினால் அட்டை கட்டி விற்பனை. சோதனை நாளிலிருந்து 9 மாதம் அந்தச் சான்று செல்லும். அதற்குள் விற்காவிட்டால் மறுபடி சோதித்து இன்னும் 6 மாதம் நீட்டிக்கலாம்.

நிர்வாகக் குழுவின் குறை என்னவென்றால், சம்பா விதை தை, மாசியில் வந்து சேர்ந்தும் அட்டை கட்டி முடிய ரொம்ப நாள் ஆகிறது. குறுவைக்கான விதையில் இது இன்னும் மோசம். மேட்டூர் ஜூன் 12-ல் திறக்கும் என்ற எதிர்பார்ப்பில் உழவர்கள் வைகாசியிலேயே விதை கேட்டு வந்துவிடுவார்கள். அட்டை இல்லாத மூட்டையைக் கொடுக்க முடியாது, தனியார் கடைக்குப் போய்விடுவார்கள். தாமதத்துக்குக் காரணம் பரிசோதனை நிலையம்தான் என்று எல்லாரும் சொன்னார்கள்.

சுவரில் இருந்த படம்

அந்தப் படத்தில் ஐந்து தடங்கள், வேலையைச் செய்யும் தரப்பு ஒவ்வொன்றுக்கும் ஒரு பட்டை. உழவர் தடம் பச்சை, நிலையம் மஞ்சள், அலுவலகம் நீலம், விதைச்சான்றுத் துறை சிவப்பு, கிடங்கு ஊதா. எல்லாமே அடர்த்தியான நிறங்கள். போதாததற்கு, கணினியில் செய்யும் வேலைகளுக்கு வேறொரு நீலம், கையெழுத்து வேண்டிய இடங்களுக்கு ஆரஞ்சு, முடிவுப் புள்ளிகளுக்கு மறுபடியும் சிவப்பு.

இதில் முதல் வீண்செலவு, தடங்களுக்கு நிறம் கொடுத்தது. யார் செய்கிறார்கள் என்பதைத் தடம் ஏற்கெனவே சொல்லிவிடுகிறது. அதன் தலையில் பெயர் எழுதியிருக்கிறது, கோடு போட்டுப் பிரித்திருக்கிறது. அதையே நிறத்தாலும் சொல்வதால் புதிதாக எதுவும் தெரிவதில்லை, ஆனால் நிறம் செலவாகிவிடுகிறது. பிபிஎம்என் குறியீட்டில் வடிவம் என்ன வகை என்று சொல்கிறது: மூலை வளைந்த கட்டம் வேலை, சாய்சதுரம் பிரியும் இடம், வட்டம் நிகழ்வு. வட்டத்தின் கோடு மெல்லியதானால் தொடக்கம், இரட்டைக் கோடானால் இடையில், தடித்ததானால் முடிவு. இவ்வளவையும் கறுப்பு வெள்ளையிலேயே சொல்லும்படி செய்திருக்கிறார்கள். 2011-ல் ஓஎம்ஜி என்ற தர அமைப்பு வெளியிட்ட 2.0 பதிப்பில் (இதன் 2.0.1 திருத்தம்தான் 2013-ல் ஐஎஸ்ஓ 19510 என்ற சர்வதேசத் தரம் ஆனது) எந்த நிறத்துக்கும் எந்தப் பொருளும் கிடையாது. வரைபவர் தன் தேவைக்கு நிறம் பூசிக்கொள்ளலாம் என்று மட்டும் விட்டிருக்கிறது. ஆக, நிறம்தான் நம் கையில் காலியாக இருக்கும் ஒரே இடம். அதை ஏற்கெனவே தெரிந்த விஷயத்துக்குக் கொடுப்பது, வண்டியில் இருக்கும் ஒரே காலி இருக்கையில் பையை வைப்பது மாதிரி.

ஒரு விதிவிலக்கு உண்டு. செய்தி அனுப்பும் நிகழ்வின் உறை உருவம் அடர்த்தியாக நிரப்பியிருக்க வேண்டும், பெறும் நிகழ்வின் உறை வெறுமையாக இருக்க வேண்டும். அதாவது அடர்த்தி என்பதற்கு அங்கே பொருள் இருக்கிறது. அந்தப் படத்தில் அலுவலகத் தடத்தின் கருநீலத்துக்குள் கறுப்பு உறையும் வெள்ளை உறையும் என்ன வித்தியாசம் என்று எனக்கே கிட்டத்தில் போய்ப் பார்த்தால்தான் தெரிந்தது. பரிசோதனை நிலையத்துக்கு நாம் தகவல் சொல்கிறோமா, அவர்கள் சொல்வார்கள் என்று காத்திருக்கிறோமா என்பது இந்தத் தொழிலில் சின்ன வித்தியாசம் இல்லை.

இரண்டாவது குழப்பம் கிடங்கில் தெரிந்தது. கிடங்குப் பொறுப்பாளர் இருபது வருஷத்துக்கு மேல் மூட்டை அடுக்கி அனுபவம் உள்ளவர். படத்தை எடுத்து வந்து அவர் முன்னால் விரித்தேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, நீலக் கட்டம் ஒன்றில் விரலை வைத்தார்.

"ஏன் தம்பி, பில் போடுறது நீலத்துல மட்டும்தானே இருக்கு? வெள்ளை அட்டைக்கு பில் இல்லாமலா அனுப்புறோம்?"

அவர் கேட்டது சரிதான். அவரைப் பொறுத்தவரை நீலக் கட்டம் என்றால் சான்று விதைக்கான வேலை. மஞ்சள் தடம் முழுக்க வல்லுநர் விதை ஓடுவதாகவும், சிவப்புத் தடம் தேறாத குவியல்கள் போகும் வழி என்றும் அவர் படித்திருக்கிறார். சிவப்பைப் பற்றிச் சொல்ல வேண்டுமா? பூச்சிமருந்து டப்பாவின் முக்கோணத்தில் சிவப்பு என்றால் கடும் நஞ்சு, அதற்கடுத்து மஞ்சள், நீலம், பச்சை. விதை நேர்த்தி மருந்தைக் கையாளும் ஆளுக்கு இதுவும் தலையில் இருக்கிறது. அரசுத் துறையின் தடத்துக்குச் சிவப்பு பூசியதைப் பார்த்து, வந்திருந்த அலுவலர் ஒருவர் சிரித்துக்கொண்டே "எங்களை டேஞ்சர்ல போட்டுட்டீங்க" என்றாராம்.

ஒரு தாளுக்கு ஒரு கேள்வி

மாற்றி வரையும்போது எடுத்துக்கொண்ட விதி ஒன்றுதான்: ஒரு தாளில் நிறம் ஒரே ஒரு கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும். இரண்டு கேள்வி இருந்தால் இரண்டு தாள். அடிப்படைப் படம் ஒன்றே. வெள்ளைக் கட்டம், சாம்பல் கோடு, கறுப்பு எழுத்து. கட்டங்களின் இடம் எந்தத் தாளிலும் மாறாது. தாளுக்குத் தாள் நிறம் மட்டுமே மாறும். இடம் மாறாமல் இருப்பது முக்கியம், ஏனென்றால் ஒரு தாளில் பழகிய கண் அடுத்த தாளில் அதே இடத்துக்கு நேரே போய்விடும்.

முதல் தாளின் கேள்வி: குவியல் எங்கே சும்மா கிடக்கிறது? இதற்கு ஆரஞ்சு ஒன்றை மட்டும் எடுத்தோம். அட்டையிலும் கிடையாது, முக்கோணத்திலும் கிடையாது, யாருக்கும் முன்பொருள் இல்லாத நிறம். வேலை நடக்கும் கட்டம் எதற்கும் நிறமில்லை. காத்திருக்கும் இடத்துக்கு மட்டும் பூச்சு, அதுவும் மூன்று அடர்த்தியில். சில நாள் என்றால் வெளிர், வாரக்கணக்கு என்றால் நடுத்தரம், அதற்கும் மேல் என்றால் அடர்த்தி. இங்கே சிவப்பு, மஞ்சள், பச்சை போடலாமே என்று குழுவில் ஒருவர் கேட்டார். சிக்னல் விளக்கு எல்லாருக்கும் தெரியும்தான். ஆனால் அளவு கூடிக்கொண்டே போவதைக் காட்ட ஒரே நிறத்தின் அடர்த்திதான் கண்ணுக்குப் பொருந்தும். மூன்று வெவ்வேறு நிறம் போட்டால் எது பெரிது என்பதை விளக்கப் பட்டியலைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். இதை விளக்க நான் வாய் திறப்பதற்குள் ஒரு உறுப்பினர் சொல்லிவிட்டார்: "இலை வண்ண அட்டை மாதிரிதானே?" தழைச்சத்து எவ்வளவு போடுவது என்று பார்க்க, நெல் இலையோடு ஒப்பிட்டுப் பார்க்கும் அட்டை அது. வெளிர் பச்சையிலிருந்து கரும்பச்சை வரை வரிசையாகப் பட்டைகள் இருக்கும். அடர்த்தியை அளவாகப் படிக்க டெல்டா உழவருக்கு யாரும் புதிதாகச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை.

முளைப்புச் சோதனையின் 14 நாளுக்கு நிறம் பூசுவதா என்பதில் வாக்குவாதம் வந்தது. காத்திருப்பு என்றால் அதுவும் காத்திருப்புதான், பூசியே ஆக வேண்டும் என்றார் செயலாளர். நான் வேண்டாம் என்றேன். விதை முளைக்க எடுக்கும் நேரம் அது, எந்த அதிகாரியும் எந்த மென்பொருளும் அதைக் குறைக்க முடியாது. அதற்கு அடர் ஆரஞ்சு பூசினால் கூட்டத்தில் எல்லார் கண்ணும் அங்கேயே போய் நிற்கும், பேச்சும் அங்கேயே முடிந்துவிடும். கடைசியில் அதை நிறமில்லாமல், கடிகார உருவம் போட்ட நிகழ்வு வட்டமாக மட்டும் வைத்து, பக்கத்தில் 14 நாள் என்று எழுதினோம். கடிகாரம் பிபிஎம்என்-னிலேயே இருக்கும் குறி, நாம் புதிதாகக் கண்டுபிடித்தது இல்லை.

அப்படிச் செய்ததும் படத்தில் அடர்த்தியாக மிஞ்சியது பரிசோதனை நிலையத்தின் தடம் இல்லை. அதற்கு முந்தைய கட்டம், அலுவலகத் தடத்தில். கிரேடரை விட்டு வந்த குவியல், மாதிரி எடுக்க வாருங்கள் என்று அலுவலருக்குத் தகவல் போகும் வரை கிடக்கும் இடம். நாலைந்து குவியல் சேரட்டும், அலுவலரை ஒரே தடவை வரச் சொல்லலாம் என்று எழுத்தர் தகவலைச் சேர்த்து வைத்து அனுப்பியிருக்கிறார். அதில் தப்பும் இல்லை, அலுவலரின் அலைச்சலை மிச்சப்படுத்தத்தான் செய்தார். ஆனால் முதலில் முடிந்த குவியல் கடைசிக் குவியலுக்காகக் கிடந்தது. பழைய படத்திலும் இந்தக் கட்டம் இருந்தது. மற்ற நீலக் கட்டங்களோடு ஒரு நீலக் கட்டமாக.

இப்போது குவியல் முடிந்த அன்றே தகவல் போகிறது. அலுவலர் தன் வசதிப்படிதான் வருகிறார், அதில் மாற்றமில்லை. ஆனால் வரிசை எங்கே நிற்கிறது என்பது இரண்டு பக்கத்துக்கும் தெரிகிறது.

அட்டையின் நிறம் படத்திலும்

இரண்டாவது தாளுக்குத்தான் அதிகம் யோசிக்க வேண்டியிருந்தது. கேள்வி இது: எந்த இடத்தில் இரண்டு வகை விதை கலந்துவிட வாய்ப்பு இருக்கிறது? இங்கே வேறு நிறம் தேடுவது வீண். அட்டையின் நிறமே படத்தின் நிறமாக வேண்டும். வல்லுநர் விதை வந்து சேரும் கட்டம் பொன்மஞ்சள், சான்று விதை போகும் பாதை நீலம், ஆதார விதை வெள்ளை. கிடங்குப் பொறுப்பாளர் முதலில் படித்த மாதிரியே இனிப் படிக்கலாம், இந்தத் தடவை அது சரியாக இருக்கும்.

வெள்ளைதான் சிக்கல். நிறம் பூசாத கட்டமும் வெள்ளை, ஆதார விதையும் வெள்ளை. அதனால் இந்தத் தாளில் மட்டும் மற்றக் கட்டங்களுக்கு மெல்லிய சாம்பல் பூசி, ஆதார விதையின் கட்டத்தை வெள்ளையாகவே விட்டு, சுற்றிலும் தடித்த கறுப்புக் கரை போட்டோம். சாம்பலுக்கு நடுவில் வெள்ளை எடுப்பாகத் தெரிகிறது.

இரண்டு நிறமும் சேரும் இடங்கள் சிலவே. கிரேடரின் தொட்டி, நெல்லை மேலே தூக்கும் எலிவேட்டரின் அடிப்பெட்டி, தைக்கும் மேசை. அந்தக் கட்டங்களைப் பாதிக்குப் பாதி இரண்டு நிறத்தில் போட்டோம். எலிவேட்டரின் அடிப்பெட்டியில் எப்போதும் ஒரு கை நெல் தங்கிவிடும், மேலே ஓட்டி நிறுத்தினால் மட்டும் போகாது. மூடியைத் திறந்து, கம்ப்ரஸர் காற்றை அடித்து, பெருக்கி எடுக்க வேண்டும். பழைய படத்தில் இதெல்லாம் சேர்த்து 'இயந்திரம் சுத்தம் செய்தல்' என்று ஒரே கட்டம். இரண்டு நிறம் போட்ட பிறகு, அடிப்பெட்டிக்குத் தனிக் கட்டம் வேண்டும் என்று கேட்டவர் கிரேடர் ஓட்டுபவரேதான்.

அவரைப் பற்றி இன்னொன்று சொல்ல வேண்டும். அவருக்குச் சிவப்பும் பச்சையும் சரியாகப் பிரிந்து தெரிவதில்லை. யாரிடமும் அதைப் பெரிதாகச் சொன்னதில்லை, அட்டையில் எழுத்தைப் படித்தே வேலை பார்த்துவந்திருக்கிறார். இது ஒன்றும் அபூர்வம் இல்லை. காரணமான மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருப்பதால் பெண்களைவிட ஆண்களிடம் பல மடங்கு அதிகம். ஐரோப்பிய வம்சாவளி ஆண்களில் ஏறக்குறைய 12 பேரில் ஒருவருக்கு இருக்கிறது. ஜப்பானின் ஒகாபே, இட்டோ இருவரும் நிறக்குறைபாடு உள்ளவர்களும் பிரித்தறியும்படி ஒரு 8 நிறத் தொகுப்பைத் தேர்ந்து கொடுத்திருக்கிறார்கள். பொதுவான படத்துக்கு அதிலிருந்து எடுத்தால் வேலை சுலபம். இங்கே நிறம் விதியால் முடிவானது, நாம் தேர்ந்தெடுக்க முடியாது. எனவே ஒவ்வொரு கட்டத்தின் மூலையிலும் ஒரு எழுத்து: வ, ஆ, சா. நிறம் தெரியாவிட்டாலும் எழுத்து சொல்லும். இணைய அணுகல் விதிகளிலும் இதே நிபந்தனை உண்டு, நிறத்தை மட்டும் நம்பி எதையும் உணர்த்தக் கூடாது என்று. எழுத்துக்கும் பின்னணிக்கும் குறைந்தது 4.5-க்கு 1 என்ற ஒளிவேறுபாடும் வேண்டும். அடர் நீலத்துக்குள் கறுப்பு எழுத்து போட்டால் அது கிடைக்காது. அதனால் உள்ளே வெளிர் நீலம், கரைக்கு அடர் நீலம்.

மூன்றாவது தாள் மென்பொருள் வந்தால் எந்த வேலை மாறும் என்பது. மாறும் கட்டத்துக்குக் கத்தரிப்பூ நிறக் கரை, அவ்வளவுதான். நிர்வாகக் குழு பார்த்தது, ஒப்புதல் கொடுத்தது, வேலை முடிந்ததும் கழற்றிவிட்டார்கள்.

தாளிலிருந்து ஷெட்டுக்கு

கணினித் திரையில் சரியாக இருந்த நிறம் ஷெட்டுக்குள் அப்படியே இருக்காது. கிரேடர் இருக்கும் பகுதியில் பழைய சோடியம் விளக்கு. அதன் மஞ்சள் வெளிச்சத்தில் வெளிர் மஞ்சளும் வெள்ளையும் ஒன்றுபோல ஆகிவிடுகின்றன. விதை வகைத் தாளில் இந்த இரண்டும்தான் பிரிந்து தெரிய வேண்டும். பொன்மஞ்சளை இன்னும் ஒரு படி அடர்த்தியாக்கினோம், படம் மாட்டும் சுவருக்கு ஒரு எல்இடி விளக்கு போட்டார்கள். ஃப்ளெக்ஸில் அடிக்கலாம் என்ற யோசனையை நானே தடுத்தேன். நம் ஊர் ஃப்ளெக்ஸ் கடைகளில் எந்த நிறத்தைக் கொடுத்தாலும் பளிச்சென்று கூட்டித்தான் அடிப்பார்கள், மூன்று அடர்த்தி ஆரஞ்சு ஒரே ஆரஞ்சாக வந்துவிடும்.

ஜெராக்ஸ் இன்னொரு சோதனை. படம் கூட்டத்துக்குப் போகும்போது கறுப்பு வெள்ளை நகலாகத்தான் போகும், அதை யாரும் தடுக்க முடியாது. வெளிர் ஆரஞ்சு நகலில் காணாமல் போயிற்று. அதனால் காத்திருப்புக் கட்டங்களின் கரையையும் மூன்று தடிமனில் வைத்தோம். நகலில் நிறம் போனாலும் தடிமன் நிற்கிறது. எந்தச் செயல்முறைப் படத்தையும் வெளியே கொடுக்கும் முன் ஒரு ஜெராக்ஸ் எடுத்துப் பார்த்துவிடுங்கள், கலர் பிரின்ட்டைவிட அது அதிகம் சொல்லும்.

கருவி பற்றியும் ஒரு வார்த்தை. ஒரு கருவியில் பூசிய நிறம் இன்னொன்றில் திறந்தால் அப்படியே வரும் என்று நம்ப வேண்டாம். கரை நிறம், உள் நிறம், எழுத்து நிறம் மூன்றையும் கோப்பிலேயே எழுதிவைக்க ஒரு நீட்டிப்பு இருக்கிறது, ஆனால் எல்லாக் கருவியும் அதைப் படிப்பதில்லை. நாங்கள் மூலக் கோப்போடு ஒரு பிடிஎஃப் பிரதியையும் சேர்த்தே வைக்கச் சொன்னோம்.

முடியாமல் இருப்பது

மறுசான்றுக்குத் திரும்பி வரும் குவியல்கள் இன்னும் படத்தில் இல்லை. 9 மாதம் முடியும் தறுவாயில் இருக்கும் மூட்டைகளுக்குத் தனி நிறம் வேண்டும் என்று கிடங்கில் கேட்கிறார்கள், சிவப்பு என்றும் முடிவே செய்துவிட்டார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. எந்த மூட்டைக்கு எந்தத் தேதியில் கெடு என்பது தினமும் மாறும் விஷயம், அது இருப்புப் பட்டியலில் வர வேண்டியது. படத்தில் இருக்க வேண்டியது, கெடு நெருங்கினால் யார் என்ன செய்வது என்ற வழி மட்டும். அந்த வழியை நிறமில்லாமல் அடிப்படைப் படத்தில் சேர்த்துவிட்டு, சிவப்பை மென்பொருளின் பட்டியலுக்குக் கொடுத்துவிடலாம் என்று சொல்லியிருக்கிறேன். அடுத்த குழுக் கூட்டத்தில் பேசுவார்கள்.